தேவாரப் புத்தகமா, திருமுறைத் திரட்டா? அட்டையில் போடும் பெயரும் உள்ளே போகும் பாட்டும்

கேள்வி இது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் ஆலயம். வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் பிள்ளைகளின் திருமுறை வகுப்புக்கும் வைத்திருந்த பழைய "தேவாரப் புத்தகம்" நைந்துவிட்டது, புதிதாக அச்சடிக்கப் போகிறார்கள். செயலவையில் ஒருவர், "தேவாரம் என்று போடுவது தவறு, திருமுறைத் திரட்டு என்றே போடவேண்டும்" என்கிறார். இன்னொருவர் "பிரார்த்தனைப் புத்தகம் என்று போட்டால் எல்லாருக்கும் புரியும்" என்கிறார். இந்தச் சொற்களுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தவை, உள்ளே எதை எப்படி வைப்பது?

முடிவை முதலில் சொல்லிவிடலாம். பேச்சில் "தேவாரப் புத்தகம்" என்பதில் பிழை ஒன்றும் இல்லை. அட்டைப் பெயர் உள்ளே இருப்பதைப் பொறுத்தது. உங்கள் பழைய புத்தகத்தில் கந்தர் சஷ்டி கவசமும் மாரியம்மன் தாலாட்டும் இருந்தால், "திருமுறைத் திரட்டு" என்ற பெயரும் அதற்குப் பொருந்தாது. அட்டையைப் பற்றிய வாக்குவாதத்தைவிட, உள்ளே ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அது யார் பாடியது, எத்தனையாம் திருமுறை என்று சரியாகப் போடுவதுதான் பெரிய வேலை. ஏன் என்பதற்குச் சொற்களின் கதையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

இன்றைக்குத் தேவாரம் என்றால் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியவை, பன்னிரண்டு சைவத் திருமுறைகளில் முதல் ஏழு. பழைய மரபில் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: சம்பந்தர் பாட்டு திருக்கடைக்காப்பு, அப்பர் பாட்டு தேவாரம், சுந்தரர் பாட்டு திருப்பாட்டு. ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தால் கோயிலில் பாடப்பட்டதற்குப் பெயர் "திருப்பதியம்". தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் (985–1014) பதிகம் பாட 48 பிடாரர்களை அமர்த்தினான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். அவர்கள் செய்த வேலையைக் கல்வெட்டு "திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தல்" என்கிறது. பாடுவதையே இறைவன் முன் வைக்கும் விண்ணப்பமாகப் பார்த்த காலம் அது.

அதே கோயிலின் கல்வெட்டில் "தேவாரதேவர்" என்ற சொல்லும் வருகிறது. அங்கே பாட்டைப் பற்றிய பேச்சே இல்லை. அரசனுடைய சொந்த வழிபாட்டுக்குரிய திருமேனியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தேவாரம் என்றால் அப்போது வழிபாடு. குறிப்பாக அரண்மனைக்குள் தனியாகச் செய்யும் பூசையும் அது நடக்கும் இடமும். நம் வீட்டுச் சாமி மேடைப் பூசைக்குப் பக்கத்தில் வரும் பொருள். ராஜேந்திர சோழன் காலத்தில் "தேவார நாயகம்" என்றொரு பதவி கல்வெட்டில் தெரிகிறது. பதிகம் பாடுவோரை மேற்பார்த்தவர் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் இரட்டைப் புலவர்கள் ஏகாம்பரநாதர் உலாவில் மூவர் பாட்டோடு இந்தச் சொல்லை இணைத்துப் பேசுகிறார்கள். வழிபாட்டைக் குறித்த சொல் வழிபாட்டில் பாடும் பாட்டுக்கு ஆகி, பிறகு பாட்டு எழுதிய ஏட்டுக்கும் ஆகிவிட்டது. நம் தோட்டங்களில் அது இன்னும் ஒரு படி விரிந்தது: தமிழ்ப்பள்ளிச் சபைகூடலில் "தேவாரம் பாடுங்கள்" என்றால் பிள்ளை திருவாசகம் பாடினாலும் திருப்புகழ் பாடினாலும் யாரும் தடுப்பதில்லை. சாமிக்கு முன் நின்று பாடுவது எல்லாம் தேவாரம். சொல்லின் முதல் பொருளை நினைத்தால் இந்த வழக்கு அப்படியொன்றும் தடம் மாறிப் போகவில்லை.

சொல்லைப் பிரிப்பதில் இரண்டு வழி உண்டு. தே + ஆரம், அதாவது இறைவனுக்குச் சூட்டிய மாலை என்பது ஒன்று. தே + வாரம் என்பது மற்றது. வாரம் என்பது இசைப்பாட்டில் ஒரு வகை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் "வாரம் பாடும் தோரிய மடந்தை" வருகிறாள். மாலைப் பொருள் மேடைப் பேச்சுக்கு அழகாக இருக்கும். கல்வெட்டில் சொல் நடமாடும் விதத்தோடு ஒட்டவில்லை. வாரம் பழைய இசைச்சொல் என்பதால் இரண்டாவதற்கு வலு அதிகம், ஆனால் வழிபாட்டிடம் என்ற பொருளை அதுவும் முழுக்க விளக்கிவிடாது. புத்தக முன்னுரையில் இரண்டையும் ஒரு வரியில் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். "தேவாரம் என்றால் தெய்வ மாலை" என்று தீர்ப்புப் போல எழுதவேண்டாம்.

பதிகம் பத்துப் பாட்டின் தொகுப்பு. சம்பந்தர் பெரும்பாலும் பத்தைப் பாடி, பதினொன்றாவதில் தம் பெயரையும் பாடுவோர் பெறும் பயனையும் வைப்பார். அந்தக் கடைசிப் பாட்டுக்குத்தான் கடைக்காப்பு என்று பெயர். அவருடைய பதிகங்கள் பலவற்றில் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் அயனும் மாலும் அடிமுடி தேடுவார்கள், பத்தில் சமணரையும் பௌத்தரையும் சாடுவார். இந்த அமைப்பு தெரிந்தால், பழைய புத்தகத்தில் ஒரு பாட்டு விட்டுப்போயிருப்பதை உரையைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

திருமுறை என்ற சொல்லில் முறை என்பது ஒழுங்கு, வரிசை. அடுக்கிய விதத்திலேயே அது தெரியும்: ஐந்தாம் திருமுறை முழுதும் குறுந்தொகை என்ற பாவகை, ஆறாம் திருமுறை முழுதும் தாண்டகம் என்ற பாவகை, சம்பந்தரின் மூன்றும் சுந்தரரின் ஏழாவதும் பண் வரிசையில் நிற்பவை. எட்டில் மாணிக்கவாசகரின் திருவாசகமும் திருக்கோவையாரும், ஒன்பதில் திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும், பத்தில் திருமந்திரம், பதினொன்றில் பன்னிரண்டு பேர் பாடிய 40 நூல்கள், பன்னிரண்டாவது சேக்கிழாரின் பெரியபுராணம். தில்லைக் கோயிலில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை ஒரு சோழ அரசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டு வகுத்தார்கள் என்பது திருமுறைகண்ட புராணம் சொல்லும் செய்தி. பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டில் எழுந்து, பின்னால் சேர்ந்தது.

இன்னொன்று கவனிக்கவேண்டும். திருமுறை வரிசையின் பெயராக மட்டும் இருக்கவில்லை, கையில் எடுக்கும் ஏட்டுக்கும் பெயராக இருந்தது. திருமுறைச் சுவடிகளை வைத்துப் போற்றிய மண்டபத்துக்குக் கல்வெட்டுகளில் "திருக்கைக்கோட்டி" என்று பெயர். "கயிறு சாத்திப் பார்த்தல்" என்றொரு வழக்கமும் இருந்தது: கட்டிய சுவடியில் ஏடுகளுக்கு இடையே கயிற்றைச் செருகி, விழுந்த ஏட்டைப் பிரித்து, அங்குள்ள பாட்டை இறைவன் வாக்காகக் கொள்வது. சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் தந்தை பிள்ளைவரம் வேண்டியபோது இப்படிப் பார்த்ததில் சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்தில் "பேயடையா பிரிவெய்தும்" என்ற பாட்டு வந்தது என்பார்கள். மதுரையில் சமணரோடு ஏட்டை நெருப்பில் இட்டு நடத்திய அனல் வாதத்திலும் சம்பந்தர் ஏட்டுக்கட்டைப் பிரித்தபோது கிடைத்த "போகமார்த்த பூண்முலையாள்" பதிகத்தைத்தான் நெருப்பில் இட்டார்; வேகாமல் இருந்ததால் அதற்குப் பச்சைப் பதிகம் என்று பெயர்.

"புத்தகம்" வடமொழிப் புஸ்தகத்திலிருந்து வந்தது என்பது பலரும் ஏற்கும் கருத்து. பாரசீகத்தில் தோலைக் குறிக்கும் "போஸ்த்" அதற்கும் முந்திய வேர் என்பார்கள், தோலில் எழுதிய காலத்தை வைத்து. பொத்துதல், அதாவது மூட்டுதல் தைத்தல் என்ற தமிழ் வினையிலிருந்து "பொத்தகம்" என்று பாவாணர் வழியினர் கொள்வர். எதுவானாலும் சைவர்களுக்கு இது பழகிய சொல்தான். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வரும் முத்தநாதன் உடலெல்லாம் நீறு பூசி, கத்தியை மறைத்து வைத்த "புத்தகக் கவளி" ஏந்தி வருகிறான். ஆகமம் சொல்லித் தருவதாகச் சொல்லித்தான் உள்ளே நுழைகிறான். நம் ஊரிலோ இந்தச் சொல் பொது நூலகப் பலகையிலேயே நிற்கிறது. மலாயில் நூலகத்துக்குப் பெயர் "பெர்புஸ்தகான்", நடுவே இருப்பது அதே புஸ்தகம்.

"பிரார்த்தனைப் புத்தகம்" வேண்டாம் என்பதற்குக் காரணம் வடசொல் என்பதல்ல. தோட்டத்துக் கோயிலில் பிரார்த்தனை என்றால் நேர்த்திக்கடன். பால்குடம், காவடி, தீமிதி, முடியிறக்கல். "அந்தம்மாவுக்கு ஒரு பிரார்த்தனை இருக்கிறது" என்றால் திருவிழாவில் ஏதோ செலுத்தப் போகிறார் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அந்தப் பெயரில் புத்தகம் போட்டால், உபயப் பட்டியலோ என்று திறந்து பார்க்கிறவரும் இருப்பார்.

"தோத்திரம்" நல்ல சொல். வடமொழியில் புகழ்தல் என்ற வினையடியாகப் பிறந்தது. திருவாசகத்துத் திருப்பள்ளியெழுச்சியிலேயே "இருக்கொடு தோத்திரம் இயம்பினர் ஒருபால்" என்று இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர் பலர் ஒருவரையொருவர் "ஸ்தோத்திரம்" என்று வாழ்த்துவதால், நம் தலைமுறையில் சிலருக்கு அது வேதக் கோயில் சொல்லாகப் படுகிறது. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. அவர்கள் பக்கத்தில் செபம், ஜெபம் என்பவை நம் பஞ்சாட்சர செபத்தில் உள்ள அதே சொல்தான்: ஒரே மந்திரத்தை வாய்க்குள் உருவேற்றுவது. அந்த மரபை மதிக்க இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே ஒரு வழிபாட்டு நூல். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் என்றிக்கே என்றீக்கசு பாதிரியார் அச்சிட்ட 16 பக்கம். பெயர் "தம்பிரான் வணக்கம்". இப்படி வழிபாட்டு நூலுக்கு "வணக்கம்" என்றும் ஒரு பெயர் இருந்திருக்கிறது.

திரட்டு என்பது பல இடத்திலிருந்து எடுத்து ஒன்றாகச் சேர்த்தது. இதற்குப் பழைய முன்மாதிரி அகத்தியர் தேவாரத் திரட்டு: முழுத் தேவாரமும் ஓத முடியாதவர்களுக்காக 25 பதிகங்களை 8 தலைப்பில் பொறுக்கி வைத்தது. உங்கள் புத்தகமும் அந்த வகைதான். எனவே அட்டைக்கு என் யோசனை: உள்ளே பன்னிரு திருமுறை மட்டும் இருந்தால் "திருமுறைத் திரட்டு", திருப்புகழ், கவசம், அந்தாதி, தாலாட்டு எதுவும் சேர்ந்தால் "தோத்திரத் திரட்டு". ஆயாவும் தாத்தாவும் தொடர்ந்து தேவாரப் புத்தகம் என்றே கேட்பார்கள். கேட்கட்டும்.

இனி உள்ளடக்கம். பூசையில் ஓதும் முறைக்குப் பஞ்சபுராணம் என்று பெயர். ஈழத்துக் கோயில்களில் நன்கு ஊன்றிய வழக்கம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்திலிருந்து ஒவ்வொரு பாட்டு. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் "திருச்சிற்றம்பலம்". பலர் பெரியபுராணத்துக்குப் பின் ஒரு திருப்புகழும், கடைசியில் "வான்முகில் வழாது பெய்க" என்ற வாழ்த்தும் சேர்ப்பார்கள். வாழ்த்து கச்சியப்பரின் கந்தபுராணத்திலிருந்து வருவது, திருமுறையல்ல. திருப்புகழும் அருணகிரிநாதருடையது, திருமுறைக்கு வெளியே நிற்பது. பாடுவதில் குற்றமில்லை, தலைப்பில் மட்டும் "தேவாரம்" என்று போட்டுவிடாதீர்கள். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிக்குப் போகும் பிள்ளை, வீட்டுப் புத்தகத்தில் உள்ள தலைப்பை நம்பித்தான் பாட்டைத் தேர்ந்தெடுக்கும். தலைப்பில் தவறினால் பிள்ளை மேடையில் மாட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு பாட்டின் மேலும் மூன்று விவரம் போதும்: பாடியவர், திருமுறையும் பதிக எண்ணும், பண். சில எடுத்துக்காட்டு. "தோடுடைய செவியன்" சம்பந்தர், 1-1, நட்டபாடை, இன்றைய இராகப் பெயரில் நாட்டை. "கூற்றாயினவாறு" அப்பர், 4-1, கொல்லி, நவரோசு. "பித்தா பிறைசூடி" சுந்தரர், 7-1, இந்தளம், மாயாமாளவகௌளை. "மந்திரமாவது நீறு" 2-66, காந்தாரம். "காதலாகிக் கசிந்து" 3-49, கௌசிகம், பைரவி. "மாசில் வீணையும்" 5-90. "அப்பன்நீ அம்மைநீ" 6-95. இவை குறுந்தொகையும் தாண்டகமும் என்பதால் பண் இடத்தில் பாவகையை எழுதுங்கள்.

விநாயகருக்கு "ஐந்து கரத்தனை" எல்லாரும் அறிந்தது. திருமந்திரத்தின் காப்பாக நிற்பது. தேவாரத்துக்குள்ளிருந்தே வேண்டுமென்றால் சம்பந்தரின் "பிடியதன் உருவுமை" (1-123) இருக்கிறது. விநாயகர் அகவல் 72 வரி. வாராந்தரப் பூசைப் புத்தகத்துக்கு நீளம்.

அம்மன் பகுதிதான் தோட்டத்துக் கோயிலில் சிக்கல். மூவர் பாடியது சிவனை. அம்மை அங்கே "உமைபாகன்", "மாதொரு பாகன்" என்று பாகத்தில் வருகிறாள். மாரியம்மனுக்கென்று திருமுறையில் பதிகம் கிடையாது, தேடி மெனக்கெட வேண்டாம். மாரியம்மன் சன்னிதியில் பஞ்சபுராணத்தை ஓதிவிட்டு, அபிராமி அந்தாதியில் நான்கைந்து பாட்டும் மாரியம்மன் தாலாட்டில் ஒரு பகுதியும் பாடினால் பொருத்தமாக இருக்கும். அந்தாதி காப்பு நீங்கலாக நூறு பாட்டு. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம். ஆகையால் தனித்தனியே பொறுக்காமல் அடுத்தடுத்து வரும் பாட்டுகளாக எடுத்தால்தான் அந்தத் தொடர்ச்சி கெடாது. முனீஸ்வரருக்கும் மதுரைவீரனுக்கும் அந்தந்தத் தோட்டத்தில் வழிவழியாகப் பாடும் பாட்டு இருந்தால், வயதானவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் வராதவை அவைதான்.

கோளறு பதிகத்தைச் சுருக்கக்கூடாது. "வேயுறு தோளிபங்கன்" தொடங்கி 11 பாட்டு. பல சிறு புத்தகங்களில் முதல் பாட்டோ முதல் ஐந்தோ மட்டும் இருக்கும். "ஆணை நமதே" என்று சம்பந்தர் உறுதி சொல்வது பதினொன்றாம் பாட்டில். அதை வெட்டிவிட்டால் பயன் சொல்லும் இடமே போய்விடுகிறது.

துக்க வீட்டுக்கு உரியதைத் தனிச் சிறு புத்தகமாக்குங்கள். சிவபுராணம், "சொற்றுணை வேதியன்" என்ற நமச்சிவாயப் பதிகம் (4-11), திருப்பொற்சுண்ணம் 20 பாட்டு. மூன்றும் சேர்ந்து 16 பக்கத்தில் அடங்கும். ஒரே புத்தகத்தில் வைத்தால், துக்க வீட்டுக்குப் போய் வந்த புத்தகத்தைப் பிறகு சாமி மேடையில் வைக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. சரியோ தவறோ, இந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுத்துவிடுவது நல்லது.

எழுத்துப் பிழைக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலான ஆலயப் புத்தகங்கள் சறுக்குகின்றன. சிவபுராணத்தின் முதல் வரி "நமச்சிவாய வாஅழ்க". நடுவில் உள்ள அகரம் அளபெடை, ஓசையை நீட்டும் எழுத்து. கலிவெண்பா ஓசைக்காக நிற்கிறது. தட்டச்சு செய்பவர் பிழை என்று நினைத்து "வாழ்க" என்று திருத்திவிடுவார். ஓசை அந்த இடத்தில் இடறும். "நமச்சிவாய" என்பதில் உள்ள ச் எழுத்தையும் வடமொழி தெரிந்த ஒருவர் நீக்கிவிடுவார். இரண்டையும் விடக்கூடாது.

அடுத்தது ண, ன, ந குழப்பம். "சொற்றுணை", "கற்றுணை", "நற்றுணை" மூன்றும் சொல்+துணை, கல்+துணை, நல்+துணை. "துனை" என்று தட்டினால் விரைவு என்று பொருள் மாறும். கணினியின் சொற்பிழை திருத்தி இதைக் காட்டித்தராது, ஏனென்றால் துனையும் சொல்தான்.

மூன்றாவது, சீர் பிரிப்பா சொல் பிரிப்பா என்பது. பழைய பதிப்புகள் யாப்புக்கு ஏற்பச் சீர் பிரித்து "ஏற்றா யடிக்கே யிரவும் பகலும்" என்று அச்சிடும். வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாது. "ஏற்றாய் அடிக்கே இரவும் பகலும்" என்று சொல் பிரித்தால், ஏற்றில் ஏறியவனே, உன் அடிக்கே என்று பொருள் தானாக விழும். "புலித்தோலை அரைக்கசைத்து" என்பதை "அரைக்க சைத்து" என்று பிரித்துப் படிப்பவர் நிறையப் பேர். அது அரைக்கு அசைத்து, இடுப்பில் கட்டி என்று பொருள். கோளறு பதிகத்தில் "ஆசறு" என்பது ஆசு அறு, குற்றமற்ற. பூசைப் புத்தகத்துக்குச் சொல் பிரித்த பாடமே ஏற்றது. போட்டிக்குப் போகிறவர்கள் சீர் பிரித்ததை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரே புத்தகத்தில் பாதி அப்படியும் பாதி இப்படியும் இருப்பதுதான் மோசம். வெவ்வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டினால் இதுதான் நடக்கும்.

நான்காவது, பழைய கோப்பு. முந்திய பதிப்பு ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்திய எழுத்துருவில் இருந்தால், மாற்றியபின் கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும், துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் ரகரம் நிற்கும், "ஔ" இருக்குமிடத்தில் "ஒள" என்று இரண்டு எழுத்து வரும், "ஸ்ரீ" உடைந்திருக்கும். இந்த நான்கையும் தனித்தனியே தேடிப் பாருங்கள். பாடத்தை ஒப்பிடத் தருமபுரம் ஆதீனத்தின் உரைப் பதிப்பு அல்லது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காகத் தி.வே. கோபாலய்யர் பதிப்பித்த தேவாரம் (முதல் தொகுதி 1984) நம்பத்தக்கவை. பின்னது தலமுறையில், அதாவது ஊர் வாரியாக, அடுக்கியது, பண்முறையில் தேடினால் குழம்புவீர்கள். பாட்டை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. இக்கால உரையை அப்படியே நகலெடுத்துப் போடக்கூடாது, அது உரைகாரருடையது.

ரூமி எழுத்து, அதாவது ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பாட்டு, வேண்டுமா என்ற பேச்சு கட்டாயம் வரும், ஏனென்றால் தேசியப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் பலருக்குத் தமிழ் படிக்க வராது. போடுவதானால் எதிர்ப்பக்கத்தில் போடுங்கள், வரிக்கு வரி நேராக. நம் பிள்ளைகள் ரூமியை மலாய்ப் பழக்கத்தில் வாசிப்பார்கள் என்பதை மறக்கக்கூடாது. "சி" (c) என்ற ரூமி எழுத்தை அவர்கள் அழுத்தமான ச்ச ஒலியாகவே வாசிப்பார்கள். "செவியன்", "சிவாய" போன்ற இடத்தில் "எஸ்" (s) போடுவதே மேல். "இ" (e) என்ற ரூமி எழுத்தைப் பல இடத்தில் மலாயில் அரையொலியாக விழுங்குவார்கள். அதனால் "தேவாரம்" கூடத் "த்வாரம்" ஆகிவிடும். நெடில் என்று காட்ட எழுத்துக்கு மேல் கோடு போட்டு, முதல் பக்கத்திலேயே விளக்கிவிடுங்கள். "எல்" ஒன்றை வைத்துக்கொண்டு ல, ள, ழ மூன்றையும் எழுதினால் "வாழ்க" "வால்க" ஆகும். அது பெரிய அவமானம்.

அளவு. ஏ4 தாளை மடித்த ஏ5 புத்தகம் கைக்கு அடக்கம். நடுவில் ஊக்கு அடிக்கும் புத்தகத்தின் பக்கம் நான்கால் வகுபடவேண்டும். 30 பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் 2 வெற்றுப் பக்கம் சேர்த்து 32 ஆக்குவார், அதற்கும் காசு. 32 பக்கத்துக்கு 8 தாள். உள்தாள் 80 கிராம், அட்டை 200 கிராமுக்குக் குறையாமல். 64 பக்கத்தைத் தாண்டினால் நடுத்தாள்கள் வெளியே பிதுங்கி ஓரம் வெட்டும்போது எழுத்து போகும். அப்போது இரண்டு புத்தகமாகப் பிரித்துவிடுங்கள். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக்கூடாது, மாலைப் பூசை வெளிச்சத்தில் மூக்குக் கண்ணாடி போட்டவரும் படிக்கவேண்டும்.

அந்த அளவில் பக்கத்துக்கு 24 வரி வரும். சிவபுராணம் 95 வரி, நான்கு பக்கம் முழுதாகப் போய்விடும். தலைப்பைச் சிறிதாக்கி முதல் பக்கத்திலேயே அடக்கப் பாருங்கள். கோளறு பதிக வரிகள் நீளம், ஏ5 அகலத்தில் 14 புள்ளியில் ஒரே வரியாக நிற்காது. கணினி தானாக மடித்தால் ஒற்றைச் சொல் அடுத்த வரியில் தொங்கும். அதைவிட ஒவ்வொரு அடியையும் பொருள் நிற்கும் இடத்தில் நீங்களே இரண்டாக மடித்து, இரண்டாம் பாதியை உள்ளே தள்ளி வையுங்கள். பாட்டுக்கு 8 வரி, மொத்தம் 88 வரி, இடைவெளியோடு ஐந்து பக்கம். என் கணக்கில்: தலைப்பு 1, பொருளடக்கம் 1, விநாயகர் 1, பஞ்சபுராணம் 3, மூவர் பதிகங்கள் 6, சிவபுராணம் 4, கோளறு 5, அம்மன் 5, திருப்புகழ் 2, வாழ்த்து 1. ஆக 29. மிச்சம் 3 பக்கத்தை வெறுமையாக விட்டால் அவரவர் வேண்டிய பாட்டை எழுதிக்கொள்வார்கள். ஒரு பாட்டு இரண்டு பக்கத்தில் உடையக்கூடாது. கூட்டமாகப் பாடும்போது பக்கம் புரட்டும் இடத்தில் குரல் பாதியாகக் குறைந்துவிடும். ரூமி சேர்த்தால் இந்தக் கணக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

அட்டையிலும் உள்பக்கத்திலும் சாமி படம் போடும் ஆசை இருந்தால் அட்டையோடு நிறுத்துங்கள். உள்ளே மெல்லிய நிறத்தில் படத்தை அடியில் வைத்து அதன்மேல் எழுத்தை ஓட்டினால், நகலெடுக்கும்போது படம் கறுத்து எழுத்தை விழுங்கும். உபயதாரர் பெயர்களைப் பின் அட்டையின் உட்பக்கத்தில் வையுங்கள், அடுத்த பதிப்பில் மாற்ற எளிது.

மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மூலப் பதிப்பை வைத்துக்கொண்டு சத்தமாக வாசிக்க, மற்றவர் புது அச்சில் விரல் வைத்துப் பார்க்க. ஒரே ஆள் கண்ணால் ஓட்டினால், மனப்பாடமான பாட்டில் பிழை கண்ணில் படவே படாது. பிறகு 20 படி மட்டும் போட்டோஸ்டேட் எடுத்து ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையில் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். எந்த வரியில் கூட்டம் தடுமாறுகிறதோ அங்கே பென்சிலில் குறித்து, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியபின் அச்சுக்குக் கொடுங்கள்.